12 மில்லிமீட்டரில் எத்தனை வகை?

12 மில்லிமீட்டர் ஆக்சில் என்றால் 12 மில்லிமீட்டர் ஆக்சில்தானே, அதில் என்ன வகை வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் இன்னும் மவுண்டன் பைக் வாங்கவில்லை. பின்சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் அந்தக் கம்பியின் விட்டம் இன்றைக்குப் பெரும்பாலான எம்டிபிகளில், அதாவது மவுண்டன் பைக்குகளில், 12 மில்லிமீட்டர். முனையில் மரை இருக்கும். மரைக்கு மரை இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி வேறு: சின்டேஸ் வகையில் 1 மில்லிமீட்டர், ஷிமானோ வகையில் 1.5, ராக்‌ஷாக்ஸின் மேக்ஸில் வகையில் 1.75. மூன்றும் செய்வது ஒரே வேலை. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைத் திருகினால் இரண்டு சுற்று போகும், அப்புறம் சட்டத்தின் மரையைத் தின்ன ஆரம்பிக்கும். விற்கிறவர் விட்டத்தையும் நீளத்தையும் போட்டிருப்பார், மரையைப் போட்டிருக்க மாட்டார். எனக்கு அப்படி வந்து சேர்ந்த ஒரு ஆக்சில் மாடித் தொட்டியில் மிளகாய் நாற்றுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. நல்ல அலுமினியம், துருப்பிடிக்காது.

தேய்மானம் பற்றி எனக்குப் புகார் கிடையாது. கல்லிலும் சேற்றிலும் ஓடுகிற சாமான் தேயத்தான் செய்யும். தேய்ந்ததைக் கழற்றிவிட்டு வேறு போடுவதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. என் கோபம் வேறு. அரை மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் என்று அளவை நகர்த்தி நகர்த்தி, நேற்று வாங்கியதற்கு இன்று சாமான் கிடைக்காதபடி செய்துவைத்திருக்கிறார்களே, அதுதான். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருப்பவருக்கு இது எரிச்சல். இங்கே இருப்பவருக்கு ஒரு மாதம் சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும்.

நான் ஓட்டுவது கோயம்புத்தூருக்கு மேற்கே, தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம். காட்டுக்குள் வனத்துறை விடாது. விடாததும் சரிதான், யானை நடக்கிற இடத்தில் நமக்கென்ன வேலை. அதனால் மலையடிவாரத்து மண்பாதை, பாக்குத் தோப்புக்கு நடுவே போகும் வண்டித்தடம், இருபக்கமும் வேலி மண்டிய இட்டேரி. கோடையில் கணுக்கால் உயரத்துக்குச் செம்மண் புழுதி. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அதே மண் சேறாகி சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். சைக்கிளை வடிவமைப்பவர் மனதில் இந்த மண் இருந்திருக்காது என்று சொல்லலாம். ஆனால் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 1976இல் சிலர் பழைய ஷ்வின் கம்பெனிச் சைக்கிள் சட்டங்களை எடுத்துக்கொண்டு மலையிலிருந்து பந்தயம் விட்டபோதும் நிலைமை இப்படித்தான் இருந்தது. பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், சக்கரத்தின் நடு உருளையான ஹப்பில் இருந்த கிரீஸ் ஒரே இறக்கத்தில் காய்ந்து புகையாகிவிடும். கீழே வந்ததும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர் வந்தது. ஆக இந்த விளையாட்டு பராமரிப்போடுதான் பிறந்தது. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

முதலில் செயின். இது ஒன்றில்தான் உலகம் ஒற்றுமையாக இருக்கிறது. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். பால்காரர் சைக்கிளிலும் அதே அரை அங்குலம், லட்ச ரூபாய் சைக்கிளிலும் அதே. ஷிமானோ 1970களில் டிராக் சைக்கிளுக்காக 10 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு செட் கொண்டுவந்து பார்த்தது, எடுபடவில்லை. ஆனால் அகலம் மட்டும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பின்னால் 12 பற்சக்கரம் அடுக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் மெலிந்தாக வேண்டும், நடுவில் ஓடும் செயினும் மெலிந்தாக வேண்டும். 12 அங்குல நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் கூடிவிட்டால், அதாவது அரை சதவீதம், அந்தச் செயினின் கதை முடிந்தது. அதற்குமேல் ஓட்டினால் அது கேசட்டின், அதாவது பின்னால் அடுக்கிய பற்சக்கரத் தொகுதியின், பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். அப்புறம் புதுச் செயின் போட்டால் அந்தப் பற்களில் உட்காராமல் தாவும்.

இங்கேதான் பணம் வருகிறது. செயினைக் காலத்தில் மாற்றினால் செயினோடு போகும். தவறவிட்டால் கேசட், முன்னால் இருக்கும் பற்சக்கரமான செயின்ரிங், மூன்றும் சேர்ந்து. விலை உயர உயர ஆயுள் கூடும் என்று நினைப்பது மனித இயல்பு, இங்கே அது தலைகீழ். மலிவான கேசட்டில் பற்சக்கரங்கள் பெரும்பாலும் இரும்பு. கனமாக இருக்கும், உழைக்கும். ஷிமானோவின் எக்ஸ்டிஆர் மாதிரி உச்சத்துக்குப் போனால் பெரிய சக்கரங்கள் அலுமினியம், நடுவில் டைட்டானியம். கை நிறைய கொடுத்து, எடை குறைத்து, சீக்கிரம் தேய்வதை வாங்குகிறோம். பந்தயம் ஓடுகிறவருக்கு அது நியாயம். நரசீபுரம் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புகிற எனக்கு எதற்கு?

செயினுக்கு என்ன போடுவது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம். தேங்காய் எண்ணெய் போடுபவர்கள் உண்டு, ஒர்க்‌ஷாப்பில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலைப் போடுபவர்கள் உண்டு. எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்தால் செயினுக்குள் அம்மியில் அரைப்பதுபோல் அரைபடும். நான் இப்போது மெழுகுக்கு மாறிவிட்டேன். பாரஃபின் மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, டீசலில் சுத்தமாகக் கழுவி உலர்த்திய செயினை அதில் முக்கி, அசைத்து, எடுத்துத் தொங்கவிட வேண்டும். ஆறியபின் கையில் தொட்டால் கறை ஒட்டாது, புழுதியும் ஒட்டாது. மழையில் மட்டும் சீக்கிரம் போய்விடும். இதற்காக வீட்டில் ஒரு அலுமினியப் பாத்திரம் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியபோது மனைவி சொன்னதை இங்கே எழுதுவதாக இல்லை.

சரி, செயின் என் கைக்கு அடங்கிய விஷயம். அடங்காதது பாட்டம் பிராக்கெட். பெடல் கிராங்கின் அச்சு சட்டத்தில் உட்காருகிற இடம். இதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே நல்ல விடை கண்டுபிடித்திருந்தார்கள். சட்டத்தின் குழாயில் மரை வெட்டு, பேரிங் வைத்த கப்பைத் திருகி இறுக்கு. விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலது பக்கத்துக்கு மட்டும் இடதுமரை. பிஎஸ்ஏ மரை என்று உலகம் முழுக்கப் பெயர். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், துப்பாக்கி செய்துகொண்டிருந்து சைக்கிளுக்கு வந்த கம்பெனி. பள்ளிக்கூடத்துக்குப் போன பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் சைக்கிளில் ஒட்டியிருந்ததும் அதே பெயர்தான், செய்தது நம் டி.ஐ. சைக்கிள்ஸ். கழற்ற ஒரு ஸ்பேனர், மாட்ட அதே ஸ்பேனர், கொஞ்சம் கிரீஸ்.

2000இல் கேனண்டேல் பிபி30 என்று ஒன்று கொண்டுவந்தது. மரை கிடையாது, பேரிங்கைச் சட்டத்துக்குள் நேரே அழுத்தி உட்கார வைப்பது. அங்கிருந்து பிபி90, பிபி92, பிஎஃப்30, பிபி386 என்று குட்டி போட்டுக்கொண்டே போனது. அச்சின் விட்டமும் சும்மா இருக்கவில்லை. ஷிமானோவுக்கு 24, பிபி30க்கு 30, 2018இல் ஷிமானோவின் போட்டிக் கம்பெனியான ஸ்ராம் கொண்டுவந்த டப் வகைக்கு 28.99. ஆமாம், 28.99. அந்த ஒரு புள்ளியை யாருக்காகக் குறைத்தார்கள் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கார்பன் சட்டத்தில் மரை வேண்டுமானால் தனியாக ஒரு அலுமினியக் குழாயை உள்ளே ஒட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் எடை மிச்சம், வேலை மிச்சம். குழாயை அகலமாக்கினால் சட்டத்தைத் தடிமனாகச் செய்யலாம், மிதிக்கும்போது வளையாது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் அழுத்தி உட்கார வைக்கும் பேரிங் சத்தம் போடாமல் இருக்க வேண்டுமானால் அந்தத் துளை சுத்தமான வட்டமாக இருக்க வேண்டும், இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கோணினாலும் போதும், ஒவ்வொரு மிதிக்கும் ‘டக்’. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அந்த ‘டக்’ மண்டைக்குள் கேட்கும். என் சட்டம் அப்படிப்பட்டது. சீட் போஸ்டில் இருக்குமோ, பெடலில் இருக்குமோ, செயின்ரிங் போல்ட்டோ என்று ஒவ்வொன்றாகக் கழற்றி கிரீஸ் வைத்து மாட்டிய பிறகு கடைசியில் அகப்படுவது எப்போதும் இதுதான். கப்பைச் சுத்தியலால் உள்ளிருந்து தட்டித்தான் எடுக்க வேண்டும். தட்டி எடுத்த பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் மறுபடி போடத் தேறாது.

கடைசியில் எதைப் போட்டுச் சத்தம் நின்றது தெரியுமா? இரண்டு பக்கக் கப்பும் குழாய்க்கு உள்ளே ஒன்றோடொன்று திருகி இறுகிக்கொள்ளும் ஒரு வகை. மரையை ஒழித்துக்கட்டினார்கள், அதனால் வந்த நோய்க்கு மருந்தாக மரையையே இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். சான்டா குரூஸ் மாதிரி சில கம்பெனிகள் இந்தக் கூத்தில் சேராமல் மரையிலேயே நின்றன. கை விட்டவர்களில் பலர் இப்போது மலைச் சைக்கிளில் பிஎஸ்ஏ மரைக்கே திரும்பி, அதை விளம்பரத்தில் ஒரு சிறப்பம்சமாகப் போடுகிறார்கள்.

இதே நேரத்தில் பேரிங் உலகத்தைப் பாருங்கள். 6902 என்று ஒரு எண். எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, கனம் 7 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லிவிடும்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, 04இலிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். இந்த ஒழுங்கு இருப்பதால்தான் கோவையில் மோட்டார் பம்பும் கிரைண்டரும் இத்தனை பட்டறைகளில் செய்ய முடிகிறது. பழுதானால் அரை மணி நேரத்தில் பேரிங் வாங்கி மாட்ட முடிகிறது. சைக்கிளின் பின் சஸ்பென்ஷனில் அசையும் மூட்டுகளிலும், ஹப்புகளிலும் இருப்பது இதே இனம்தான். கம்பெனி அதையே ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு ‘பேரிங் கிட்’ என்று பல மடங்கு விலை சொல்லும். எண்ணைப் பார்த்துப் பேரிங் கடைக்குப் போனால் வேலை முடிந்தது. 69 வரிசை மாதிரி மெல்லியவை மோட்டார்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாததால் உடனே இருக்காது, சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். இதிலும் சில சட்டங்களில் உள்வளையத்தை ஒரு பக்கம் மட்டும் நீட்டிய பேரிங்கைப் போட்டிருப்பார்கள். அது எந்தக் கடையிலும் இருக்காது. ஒரு வாஷர் வைத்துத் தீர்த்திருக்க வேண்டிய விஷயம்.

எனக்குக் கைகொடுப்பது கணபதியில் லேத் வைத்திருக்கும் ஒரு அண்ணன். பின் ஷாக்கின் கண்ணில் உட்காரும் புஷ் தேய்ந்துவிட்டால் சீட்டைப் பிடித்துத் தூக்கும்போது ‘டொக்’ என்று ஒரு ஆட்டம் தெரியும். புது புஷ் செட்டின் விலையைச் சொன்னேன்.

“இந்தப் பீப்பித் துண்டுக்கா? ஏனுங்க, உள்ள தங்கம் கிங்கம் வெச்சிருக்காங்களா?”

“இறக்குமதிங்க அண்ணா.”

“சரி, அந்தப் பழச வெச்சுட்டுப் போங்க. சாயங்காலம் வாங்க.”

சாயங்காலம் போனால் டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கம்பியில் கடைந்து, விரலால் அழுத்தினால் போய் உட்காரும் பதத்தில் தயார். அவர் வாங்கிய காசில் கம்பெனி புஷ்ஷின் கூரியர் செலவுகூட அடங்காது. ஷாக்கின் உள்ளே நைட்ரஜன் அடைப்பது, அதிர்வை அடக்கும் டேம்பரைப் பிரிப்பது எல்லாம் அவர் வேலை அல்ல, அதற்குப் பெங்களூருக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆனால் வட்டமாகவோ உருளையாகவோ இருக்கிற எதுவும் இந்த ஊரில் கிடைக்காத சாமான் இல்லை. அளவை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பதுதான் அதைக் கிடைக்காத சாமானாக்குகிறது.

சக்கரங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கு ரத்த அழுத்தம். 26 அங்குலம் என்றார்கள், பிறகு 29 என்றார்கள், நடுவில் 27.5. பின் ஹப்பின் அகலம் 135, 142, அப்புறம் பூஸ்ட் என்று 148, அதற்கும் மேல் சூப்பர் பூஸ்ட் என்று 157. 142க்கும் 148க்கும் வித்தியாசம் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர். பெரிய சக்கரத்தில் கம்பிகள் விரிந்து நின்றால் உறுதி கூடும் என்பது உண்மை. அந்த மூன்று மில்லிமீட்டருக்காகக் கோட்டம் எடுத்து அருமையாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜோடிச் சக்கரத்தைப் புதுச் சட்டத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை என்பதும் உண்மை. கேசட் மாட்டும் உருளையிலும் எச்ஜி, எக்ஸ்டி, மைக்ரோ ஸ்ப்லைன் என்று மூன்று. எச்ஜியில் சிறிய பற்சக்கரம் 11 பல்லுக்குக் கீழே இறங்காது, 10 பல் வேண்டுமென்றால் மற்ற இரண்டில் ஒன்று. ஒரு பல்லுக்காக ஒரு ஹப். போதும்.

டெரெய்லர் ஹேங்கர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது நல்ல காரியமும் தந்திரமும் கலந்த கதை. கியர் மாற்றும் டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் சின்ன அலுமினியத் துண்டுதான் ஹேங்கர். கல்லில் அடிபட்டால் சட்டத்துக்கோ டெரெய்லருக்கோ பதிலாகத் தான் வளைய வேண்டும், அதுதான் அதன் பிறவிப் பயன். டெரெய்லர் திருகும் துளை எல்லாவற்றிலும் ஒன்றே, 10 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் மரை. சட்டத்தோடு சேரும் பக்கம்தான் ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு மாடலுக்கும், சில சமயம் ஒவ்வொரு வருஷத்துக்கும் வேறு. நூற்றுக்கணக்கான வடிவங்கள். அந்தச் சட்டத்தை இங்கே விற்றவர் கடையை மூடிவிட்டால் கைப்பிடி அளவு அலுமினியத்துக்காக முழுச் சைக்கிளும் முடங்கும். 2019இல் ஸ்ராம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஹேங்கரை வடிவமைத்து, எந்தக் கம்பெனியும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. யுடிஎச் என்று பெயர். ஆக்சில் மரையும் அதோடு 1 மில்லிமீட்டர் என்று ஒரு வழிக்கு வந்தது. ஆகா என்று சட்டக் கம்பெனிகள் வரிசையாகச் சேர்ந்தன. 2023 மார்ச்சில் விஷயம் வெளியே வந்தது. ஹேங்கரே இல்லாமல், யுடிஎச் இடத்தில் நேரடியாகச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும் புது டெரெய்லரை ஸ்ராம் விற்க ஆரம்பித்தது. ஊருக்குப் பொதுவாகப் போட்ட பாதை தன் வீட்டு வாசலில் போய் முடிகிறது. இருந்தாலும் பாதை பாதைதான். இன்றைக்குப் புதுச் சட்டம் வாங்குகிறவர் யுடிஎச் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கை நீட்டினால் கிடைக்கிற ஒரே ஹேங்கர் அது.

முன் ஃபோர்க்குக்கு வருவோம். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறது, டேம்பர் உட்பட முழுச் சர்வீஸ் 200 மணி நேரத்தில். இன்னொரு ஃபோர்க் கம்பெனியான ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஒரு வருஷம் என்கிறது. வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் ஓட்டுகிறவருக்கு 50 மணி நேரம் நான்கு மாதத்தில் வந்துவிடும். என் நூறு சிசி மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கை நான் வருஷக்கணக்கில் தொட்டதில்லை, அதுவும் இதே ரோட்டில்தான் ஓடுகிறது. ஆனால் இந்த ஒப்பீட்டில் சைக்கிள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஃபோர்க் எடையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, உள்ளே எண்ணெய் தாராளமாக இருக்கும், சீலும் இறுக்கிப் பிடிக்கும். இங்கே மொத்த ஃபோர்க்கும் இரண்டு கிலோவை ஒட்டி இருக்க வேண்டும், சின்னக் கல்லுக்கும் இறங்கிக் கொடுக்க வேண்டும். அதனால் சீல் மென்மை, கீழே தெளித்துவைப்பது சில மில்லிலிட்டர் எண்ணெய் மட்டும். புழுதி உள்ளே போனால் அந்த எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடும். ஆகவே அதைக் குறை சொல்ல மாட்டேன். வேலையும் வீட்டில் செய்யக்கூடியதுதான்: அடி போல்ட்டைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, காலை உருவி, துடைத்து, புது எண்ணெய் ஊற்றி மூடுவது. சீல் விலைதான் கடிக்கும்.

மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஹேண்டில்பாரிலிருந்து வரும் கேபிளையும் பிரேக் குழாயையும் ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள ஹெட்செட் பேரிங்கின் நடு வழியாகச் சட்டத்துக்குள் இறக்குவது. கடையில் நிற்கும்போது அழகு. முன்னால் ஒரு ஒயர்கூடத் தெரியாது. ஆனால் மழை ஓட்டத்தில் முதலில் துருப்பிடிப்பது ஹெட்செட் பேரிங்தான், தண்ணீரும் மண்ணும் நேரே அங்கேதான் அடிக்கும். சாதாரணச் சட்டத்தில் ஃபோர்க்கை இறக்கி, பேரிங்கை மாற்றி, கிரீஸ் வைத்து ஏற்ற அரை மணி நேரம். இந்த வகையில் அதே பேரிங்கை எடுக்க பிரேக் குழாயைக் கழற்ற வேண்டும். குழாயைக் கழற்றினால் பெரும்பாலும் எண்ணெய் விட்டுக் காற்றை வெளியேற்றி பிளீட் செய்தாக வேண்டும். ஒரு பேரிங்குக்காகப் பிரேக்கை அறுத்துக் கட்டும் வேலை. மெக்கானிக் கூலி கேட்டால் அவர்மேல் கோபப்பட முடியாது. மலையில் உருள்கிற சாமானுக்கு இப்படி ஒரு யோசனை எந்த மேஜையில் உதித்ததோ, அந்த மேஜையில் உட்கார்ந்தவர் மழைக்காலத்தில் சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டார்.

மாற்றம் எல்லாமே வம்பு என்று சொல்லும் கிழவனாக நான் ஆகவில்லை. டியூப் இல்லாத டயர் வந்ததற்கு நான் தினமும் நன்றி சொல்வேன். அமெரிக்காவில் கோட்ஹெட் என்று சைக்கிள்காரர்கள் திட்டும் முள் வேறெதுவும் இல்லை, நம் நெருஞ்சிதான். அதோடு இங்கே சீமைக்கருவேல முள்ளும் சேர்ந்துகொள்ளும். டியூப் போட்டு ஓட்டிய காலத்தில் இட்டேரிக்குள் போய்விட்டுப் பஞ்சர் இல்லாமல் வந்தால் அதிசயம். இப்போது முள் குத்தினால் உள்ளே ஊற்றிய பால் மாதிரியான திரவம் துளையை அடைத்துவிடுகிறது, வீட்டுக்கு வந்துதான் முள்ளையே பார்க்கிறேன். அந்தத் திரவத்தின் சரக்கு பெரும்பாலும் ரப்பர் பால். மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் ரப்பர் தோட்டம் தோட்டமாகக் கிடக்க, நாம் அதைப் புட்டியில் அடைத்துக் கடல் தாண்டி வாங்குகிறோம். நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி ஊற்ற வேண்டும். வால்வு அடைத்துக்கொள்ளும். ஆனாலும் திரும்பிப் போக மாட்டேன்.

டிஸ்க் பிரேக்கும் அப்படியே. அதிலும் ஒரு வேடிக்கை. ஷிமானோவும் மகுராவும் மினரல் ஆயில், ஸ்ராமும் ஹோப்பும் கார்களில் ஊற்றும் டாட் திரவம். ஸ்ராம் சமீபத்தில் மேவன் போன்ற பிரேக்குகளில் மினரல் ஆயிலுக்கு மாறியிருக்கிறது. மாற்றி ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுப்போகும். டாட் கையில் பட்டால் எரியும், பெயின்ட்டை அரிக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எல்லாக் கெட்ட குணமும் உண்டு. ஆனால் எந்த டூவீலர் ஸ்பேர்ஸ் கடையிலும் டாட் 4 கிடைக்கும். நல்ல பிள்ளையான மினரல் ஆயிலை நான் கூரியருக்குக் காத்திருந்து வாங்குகிறேன்.

விலையைப் பற்றி வரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. நல்லது. சுங்க வரியும் டாலரும் கூரியரும் அப்படியே இருக்கின்றன. அதைவிடப் பெரியது, வகை இத்தனை இருப்பதால் எந்தக் கடைக்காரரும் எல்லாவற்றையும் வாங்கி அடுக்க முடியாது என்பது. ஐந்து வகை பாட்டம் பிராக்கெட்டை வாங்கிவைத்து எது விற்கும் என்று அவர் எப்படிச் சொல்வார்? அவர் அடுக்குவது விற்கும் சைக்கிளை, பெயர்ப் பலகையை. உதிரிக்கு ஆர்டர் போடுங்கள் என்பார். அவர் நிலையில் நானும் அதைத்தான் சொல்வேன். நம்பிக்கையாகத் தெரிவது ஷிமானோவின் லிங்க்கிளைடு, கியூஸ் வரிசை. 9, 10, 11 கியர் என்று இருந்தாலும் பழைய எச்ஜி ஹப்பிலேயே மாட்டலாம், பற்கள் தடிமன், மூன்று மடங்கு உழைக்கும் என்று அவர்களே சொல்லி விற்கிறார்கள். எடை கூடத்தான் செய்யும். இத்தனை வருஷத்தில் ஒரு பெரிய கம்பெனி எடையைக் கூட்டிவிட்டு அதை நல்ல செய்தியாக அறிவித்ததே எனக்குப் பாதி திருப்தி.

போன மாதம் எதிர்வீட்டுத் தம்பி, கல்லூரி இரண்டாம் வருஷம், எம்டிபி வாங்கப் போகிறேன் என்று ஆலோசனை கேட்டு வந்தான். உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். முன் சஸ்பென்ஷன் மட்டும் போதும், பிஎஸ்ஏ மரையா என்று கேள், யுடிஎச் இருக்கிறதா பார், கேபிள் வெளியே தெரிகிற மாதிரி வாங்கு, 10 கியர் தாராளம். ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வாசலில் புதுச் சைக்கிளோடு நின்றான். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு ஒயர்கூட வெளியே தெரியவில்லை, எல்லாம் ஹெட்செட்டுக்குள் இறங்கியிருந்தது.

“அண்ணா, நீங்க சொன்னதெல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஆனா இந்தக் கலரப் பாருங்களேன்.”

பார்த்தேன். நல்ல கிளிப்பச்சை, வெயிலில் லேசாக நீலம் அடித்தது. பிளீட் கிட் என்னிடம் இருக்கிறது, மினரல் ஆயிலை மட்டும் இப்போதே ஆர்டர் போட்டு வைத்துக்கொள் என்றேன்.